பூ மட்டும் போதாது

பூங்கா நகரம் என்று நம் பெங்களூருக்குப் பெயர். ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய லால்பாக் தோட்டத்தில், குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை மலர்க் காட்சி நடக்கிறது. குழந்தை குட்டிகளோடு அதற்குப் போய் வராத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. முக்கியமான செடி, மரங்களின் காலடியில் பெயர்ப் பலகை இருக்கும். படித்துப் பார்ப்போம், படம் எடுத்துக்கொள்வோம், வாசலில் வறுத்த கடலை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம்.

பெயர்ப் பலகை இல்லாத செடிகளைப் பற்றித்தான் நான் இங்கே எழுத வந்தேன். வீடு கட்டாமல் கிடக்கும் காலி சைட்டுகள், ராஜகால்வாயின் கரை, ரயில் பாதை ஓரம், அல்சூர் ஏரியின் வேலிக்கு உட்புறம் என்று, யாரும் விதைக்காமல் யாரும் நீர் ஊற்றாமல் முளைத்து நிற்கும் செடிகள் அவை. முங்காரு மழை விழுந்து பத்து நாள் ஆனால் தரை பச்சையாகிவிடும். செப்டம்பர், அக்டோபர் மழைக்குப் பிறகு பார்த்தால் இடுப்பளவு வளர்ந்து பூத்துக் குலுங்கும். அந்த சைட்டுக்காரர் ஜே.சி.பி. இயந்திரம் கொண்டுவரும் நாள் வரைக்கும் அவற்றின் ராஜ்யம்தான்.

நான் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாவரவியல் பட்டம் ஏதும் எனக்குக் கிடையாது. காலை நடையில் கண்ட செடிகளுக்குப் பெயர் தேடத் தொடங்கியது, பழகிப் பழகி விட முடியாத வழக்கமாகிவிட்டது. இது தெரிந்ததும் அக்கம் பக்கத்தாரும் நண்பர்களும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினார்கள். 'இது என்ன செடி சார்?' என்று கீழே ஒரு வரி இருக்கும். வாரத்துக்குப் பத்துப் படமாவது வரும். பத்தில் எட்டு ஒரே மாதிரிதான். நடுவில் ஒரு பூ தெளிவாகப் பளிச்சென்று இருக்கும். சுற்றிலும் எல்லாம் பச்சைப் புகை மூட்டம். அழகில் குறை சொல்ல முடியாது, நாள்காட்டியில் போடலாம். ஆனால் செடியின் பெயரைச் சொல்ல அந்தப் படம் போதுமா?

மஞ்சள் பூ ஒன்று, செடி மூன்று

சென்ற ஆண்டு ஐப்பசி மழை விட்ட சமயம். எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மையார் ஒரு படம் அனுப்பினார். ஐந்து மஞ்சள் இதழ், நடுவில் வளைந்த மகரந்தத் தாள்கள். "அண்ணா, தெரு முனையிலேயே ஆவாரம்பூ பூத்துக் கிடக்குது. பறிச்சுக் காய வெச்சு, கஷாயம் போட்டுக் குடிக்கலாம்னு பாக்கறேன். சர்க்கரைக்கு நல்லதாமே?" என்று கேட்டார்.

"பூ இருக்கட்டும்மா. ஒரு இலையை முழுசா எடுத்து அனுப்பு. இலைக்காம்பு தண்டோட ஒட்டுற இடத்தைக் கிட்டத்துல எடு" என்றேன்.

அவர் சற்றுச் சலிப்போடுதான் எடுத்து அனுப்பியிருப்பார். ஆனால் அந்த இரண்டாவது படம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. காம்பின் அடியில், தண்டை ஒட்டி, கடுகளவில் கறுத்துத் திரண்ட ஒரு குமிழ் இருந்தது. ஆவாரையில் அப்படி இருக்காது. அது பேயாவரை.

ஆவாரை, தகரை, பேயாவரை ஆகிய மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தாவரவியலார் சென்னா என்கிறார்கள், பழைய நூல்களில் காசியா என்று இருக்கும். மூன்றுக்கும் மஞ்சள் பூதான். ஆவாரையின் பூ சற்றுப் பெரியது, நிறமும் அடர்த்தி. ஆனால் ஒற்றைப் பூவை நெருக்கத்தில் எடுத்த படத்தில் பெரிது சிறிது எங்கே தெரியப் போகிறது? இலையைப் பார்த்தால் குழப்பமே இல்லை. ஆவாரையில் சிறு சிறு இலைகள் பத்து ஜோடி வாக்கில் இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே ஒரு சிறு சுரப்பி நிற்கும். காம்பின் அடியில் காது மடல் போல வட்டமான இலையடிச் செதில் ஒன்று இருக்கும். தகரைக்கு மூன்று ஜோடி இலைதான், நுனி மழுங்கி முட்டை வடிவில் இருக்கும். சுரப்பி கீழ் ஜோடிகளின் இடையில். பேயாவரைக்கு நான்கைந்து ஜோடி, நுனி கூர்மை. சுரப்பி ஒன்றே ஒன்று, காம்பின் அடியில். இலையைக் கசக்கினால் முகத்தைச் சுளிக்க வைக்கும் ஒரு நாற்றம்.

இந்தக் கறுப்புக் குமிழுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று வாசகர்கள் கேட்கலாம். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பல ஆண்டுகளாகக் குளிர்காலம் வந்தால் சிறு குழந்தைகள் திடீரென்று வாந்தி எடுத்து, நினைவிழந்து, ஓரிரு நாளில் இறந்து போனார்கள். மூளைக் காய்ச்சல் என்றே எல்லோரும் நினைத்தார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய நுண்ணுயிரியல் அறிஞர் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும், பிஜ்னோரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டாவும் இதைத் துருவி ஆராய்ந்தார்கள். வைரஸ் எதுவும் அகப்படவில்லை. குழந்தைகள் விளையாட்டாகத் தின்ற பேயாவரைக் காயும் விதையும்தான் காரணம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 2007-ல் வெளியான ஆய்வு அது. கல்லீரலையும் தசையையும் மூளையையும் ஒருசேரத் தாக்கும் நஞ்சு. பின்னர் 2016-ல் ஒடிசாவின் மால்கான்கிரி மாவட்டத்தில் ஏராளமான குழந்தைகள் இறந்தபோதும் ஜேக்கப் ஜான் தலைமையில் ஒரு குழு போய்ப் பார்த்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் ஒரு பக்கம் இருக்க, இதே விதையின் நஞ்சும் அங்கே வேலை செய்திருந்தது தெரிய வந்தது.

எங்கள் தெருவில் நடந்ததற்கு வருகிறேன். கஷாயம் வேண்டாம் என்று சொன்னதோடு, அந்தச் செடியில் காய் இருக்கிறதா என்றும் கேட்டேன். "காய் நெறைய இருக்குதுண்ணா. பசங்கதான் பறிச்சு சொப்பு வெச்சு வெளையாடுதுங்க, பீன்ஸ் பொரியல்னு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து அந்த மூலையை வேரோடு சுத்தம் செய்தோம். அம்மையாரின் பேத்திதான், செடி விடாமல் ஒவ்வொன்றிலும் குனிந்து காம்படியைப் பார்த்து, "இதுல குமிழ் இருக்கு தாத்தா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஏழு வயது. தாவரவியலின் முதல் பாடம் அவளுக்கு அன்றே ஆகிவிட்டது.

அண்ணன் தம்பி நெல்லிகள்

பேயாவரையாவது கண்ணுக்குத் தெரியும் குமிழ். கீழாநெல்லி விஷயம் இன்னும் நுணுக்கமானது.

மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி என்று நம்மவர் எல்லோருக்கும் தெரியும். கன்னடத்தில் இது நெலநெல்லி. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்க்குடன் இணைந்து, ஹெபடைட்டிஸ்-பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் கண்டதாக 1988-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் பின்னர் நடந்த சில சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. அப்போது எழுந்த கேள்விகளில் ஒன்று: எல்லோரும் கொடுத்தது ஒரே செடிதானா?

கேட்க வேண்டிய கேள்விதான். நம் ஊர் ஜி.கே.வி.கே. வளாகத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தென்னிந்தியாவில் 25 மூலிகைக் கடைகளிலிருந்து கீழாநெல்லி என்று விற்கப்பட்டதை வாங்கிச் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். 76 சதவீதக் கடைகளில் இருந்தது ஏறக்குறைய முழுவதும் உண்மையான கீழாநெல்லி, அதாவது பில்லாந்தஸ் அமாரஸ். மீதி 24 சதவீதத்தில் அதன் உறவினர்கள் ஐந்து பேர் அகப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பெயரில் மதராஸ்பட்டணம் இருக்கிறது, இன்னொருவர் பெயரில் கோழிக்கோடு இருக்கிறது. மூன்றாமவர் பெயர் பிரேட்டர்னஸ். லத்தீனில் 'சகோதரன்' என்று பொருள். பெயர் வைத்தவருக்கே இது அண்ணன் தம்பி விவகாரம் என்று தெரிந்திருக்கிறது!

இந்த அண்ணன் தம்பிகளை எப்படிப் பிரிப்பது? சிறு கிளையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். இலைகளின் அடியில் வரிசையாகத் தொங்கும் பச்சை மணிகள்தான் காய்கள். கீழாநெல்லி என்ற பெயரே அதனால் வந்ததுதான். காய் வழவழப்பாக, சிறு காம்போடு தொங்கினால் கீழாநெல்லியாக இருக்கலாம். காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, மேற்பரப்பு சொரசொரவென்று இருந்தால் அது யூரினேரியா. அதன் தண்டில் பெரும்பாலும் ஒரு செம்மை ஓடும். இதற்கு மேல் போக வேண்டுமானால் பூவின் பச்சை இதழ்களை எண்ண வேண்டும். அமாரஸுக்கு ஐந்து, சகோதரனுக்கு ஆறு. பூ மொத்தமே இரண்டு மில்லிமீட்டருக்குள். இங்கேதான் நெருக்கப் படம் தன் பெருமையைக் காட்டுகிறது. வெறும் கண்ணால் எண்ண முடியாததை, நல்ல வெளிச்சத்தில் கையை ஆட்டாமல் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கி, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எண்ணிவிடலாம்.

ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மஞ்சள்காமாலை என்றால் முதலில் மருத்துவரிடம் போய் இரத்தம் பார்க்க வேண்டும். கீழாநெல்லி என்று கேட்டு என்னிடம் படம் அனுப்புவோருக்கும் நான் இதையே சொல்லி வருகிறேன். செடியின் பெயரைத்தான் நான் சொல்லுவேன், நோயின் பெயரை அல்ல.

காமிராவுக்கு முன்னே

நெருக்கப் படம் என்பது காமிரா வந்தபின் பிறந்த கலை அல்ல. 1819-ல் சென்னை மாகாணத்துக்கு வந்த ராபர்ட் ஒயிட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், தென்னாட்டுச் செடிகளை வரையச் செய்து 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். மொத்தம் 2101 படங்கள். வரைந்தவர்கள் இந்தியர்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பிறகு கோவிந்து. அந்தப் பக்கங்களைப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் கிளை, இலை, பூ. தாளின் அடியில் அதே பூவைப் பிரித்துப் போட்டு, மகரந்தத் தாள் தனியே, சூல்பை குறுக்கே வெட்டியது தனியே, விதை தனியே என்று பல மடங்கு பெரிதாக்கி வரைந்திருப்பார்கள். உருப்பெருக்கியில் ஒரு கண், காகிதத்தில் ஒரு கண் வைத்து வரைந்த கைகள். இன்று நாம் லென்சுக்குச் செலவழிக்கும் பணத்தையும், அவர்கள் தூரிகையோடு செலவழித்த பொறுமையையும் ஒப்பிட்டால் எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. ஒயிட் ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார், கோவிந்தூயா என்று. பின்னர் வந்த வகைப்பாட்டில் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. ஆனாலும் ஒரு வெள்ளைக்கார மருத்துவர் தம்மிடம் சம்பளத்துக்கு வரைந்தவரின் பெயரைத் தாவரவியலில் ஏற்றினார் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய செய்திதான். நம் லால்பாக்கிலும், கண்காணிப்பாளராக ஜான் கேமரன் இருந்த காலத்தில் செலுவையா ராஜு என்னும் ஓவியர் செடிகளை வரைந்து வைத்தார்.

அவர்கள் ஏன் சூல்பையை வெட்டி வரைந்தார்கள்? அலங்காரத்துக்கு அல்ல. செடியின் பெயர் தேடும் நூல்கள் எல்லாம் கேள்விகளால் ஆனவை. இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறி மாறியா? எதிரெதிர் என்றால் இந்தப் பக்கம் போ. தண்டு உருண்டையா, நாற்பட்டையா? நாற்பட்டை என்றால் அடுத்த கேள்வி. இப்படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து தேர்ந்து போனால் கடைசியில் பெயர் நிற்கும். நடுவில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் வழி அங்கேயே அடைபட்டுவிடும். உங்கள் படத்தில் இலை அமைப்பு தெரியவில்லை என்றால் முதல் கேள்வியிலேயே நான் நின்றுவிடுகிறேன். எவ்வளவு விலையுயர்ந்த காமிராவானாலும் அப்படித்தான்.

நம் ஊர்ச் செடிகளுக்கு இப்படி ஒரு நூல் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. ராமசாமியும் ரஜியும் எழுதிய 'பெங்களூர் மாவட்டத் தாவரங்கள்' 1973-ல் மைசூர்ப் பல்கலைக்கழக வெளியீடாக ஆங்கிலத்தில் வந்தது. அதற்கு மூன்று ஆண்டு கழித்து, பெங்களூர் செயின்ட் ஜோசப் கல்லூரியின் சேசு சபைப் பாதிரியார் செசில் சல்தானா, அமெரிக்க அறிஞர் டான் நிக்கல்சனுடன் சேர்ந்து ஹாசன் மாவட்டத் தாவர நூலைக் கொண்டுவந்தார். பிறகு கர்நாடகம் முழுமைக்குமாக 1984-லும் 1996-லும் இரண்டு தொகுதிகள். அதே காலத்தில் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில், அதே சேசு சபையின் பாதிரியார் கே.எம். மேத்யூ தமிழகச் சமவெளித் தாவரங்களை ஊர் ஊராக நடந்து தொகுத்துக்கொண்டிருந்தார். இரு ஊர், இரு பாதிரியார், இரு கல்லூரிக்கும் ஒரே புனிதரின் பெயர்! சல்தானா குழுவினர் சேர்த்த உலர்ந்த செடித் தாள்கள் இன்று மல்லேஸ்வரத்துக்கு அப்பால் இந்திய அறிவியல் கழகத்தில் உள்ளன. அங்கே கே. சங்கர ராவ் அவர்களின் முயற்சியில் கர்நாடகத் தாவரங்களின் படத் தொகுப்பும் கணினியில் ஏறியிருக்கிறது. எலகங்கா அருகில், எஃப்.ஆர்.எல்.எச்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும், 1993-ல் தொடங்கிய மருத்துவ மரபு அறக்கட்டளையில் மூலிகைகளுக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது.

உலர்ந்த தாளில் நிறம் போய்விடும், பூ தட்டையாகிவிடும். படத்தில் நிறமும் வடிவமும் நிற்கும். பன்னேர்கட்டா தேசியப் பூங்கா போன்ற இடங்களில் செடியைப் பறிப்பதே குற்றம், அங்கே படம் ஒன்றுதான் வழி. ஆனால் தாளிலிருந்து ஒரு பூவை நீரில் ஊற வைத்து நாற்பது ஆண்டு கழித்தும் வெட்டிப் பார்க்கலாம். படத்தை வெட்ட முடியாது. இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி.

பெரிதாக்கினால் மறைவது

நான் கீரை வாங்கும் பாட்டி ஓசூர்ப் பக்கத்துக்காரர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். கோலார்ப் பக்கம் பெரகெ சொப்பு என்று சொல்லும் கலவைக் கீரையைக் கொண்டு வருவார். வயல் வரப்பில் தானாக முளைத்த பத்துப் பன்னிரண்டு வகை அதில் இருக்கும். பண்ணைக்கீரை இருக்கும், கன்னடத்தில் அண்ணெ சொப்பு. மணத்தக்காளி இருக்கும், இங்கே அது கணிகெ சொப்பு. கடைந்து மஸ்ஸொப்பு வைத்தால் ராகி முத்தைக்கு அதைவிடத் துணை கிடையாது. ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் சொல்லுவார்.

அவரிடம் ஒருநாள் நான் எடுத்த ஒரு நெருக்கப் படத்தைக் காட்டினேன். இளஞ்சிவப்புப் பூ, கைப்பேசித் திரை நிறைய. பாட்டி உற்றுப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய பூவா? நம்ம ஊர்ல ஏது சாமி! லால்பாக்ல எடுத்தியா?" என்றார். அடுத்த படத்தைத் தள்ளினேன். அதே செடி தரையில் படர்ந்து நின்றது, பக்கத்தில் என் செருப்பு. "அட, தொய்யக்கீரை! இதோ இருக்குதே" என்று கட்டிலிருந்து உருவிக் காட்டினார். அந்தப் பூவின் உண்மையான அளவு அரிசிமணிதான் இருக்கும்.

பெரிதாக்கும்போது ஒரு பொருள் தன் அளவை இழந்துவிடுகிறது. அளவு போனால், வாழ்நாள் முழுவதும் அதைப் பறித்த கைக்குக்கூட அது அந்நியமாகிவிடுகிறது. ஆகவே ஒரு படத்திலாவது விரலோ, ஒரு ரூபாய் நாணயமோ, செருப்போ இருக்கட்டும். அழகு கெடும் என்று பார்க்க வேண்டாம்.

மணம் படத்தில் வராது என்பது இன்னொரு குறை. காங்கிரஸ் புல் என்று இங்கே எல்லோரும் திட்டும் பார்த்தீனியம் இளங்கன்றாக இருக்கும்போது, அதன் வெட்டுப்பட்ட இலையைப் பார்த்து மரிக்கொழுந்து என்று ஏமாறுவோர் உண்டு. பூக்கடையில் மரிக்கொழுந்தைத் தாண்டிப் போனாலே மணக்கும். பார்த்தீனியத்தைத் தொட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். இதை அழிக்க மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து 1984-ல் நம் பெங்களூரில்தான் விட்டார்கள். வண்டு தன்னால் ஆனதைச் செய்கிறது. செடியும் சளைக்கவில்லை.

செடியை ஒடித்தால் வரும் பாலும் படத்தில் வராது, ஒடித்துவிட்டு எடுத்தால் ஒழிய. பிரம்மதண்டின் மஞ்சள் பாலும், அம்மான் பச்சரிசியின் வெள்ளைப் பாலும் ஒரு நொடியில் பாதிப் பெயரைச் சொல்லிவிடும். பிரம்மதண்டை அறிய வேண்டிய காரணமும் உண்டு. அதன் விதை எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயால் 1998-ல் டில்லியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

சில செடிகளோ பூ இல்லாமலே தம்மைக் காட்டிக் கொடுத்துவிடும். செங்காந்தள் நம் தமிழகத்தின் மாநில மலர். அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணிச் சமைத்து உண்டு இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. பூத்திருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். பூக்காத காலத்தில் இலை நுனியைப் பாருங்கள். நுனி நீண்டு சுருண்டு, பற்றுக் கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பிடித்திருக்கும். அந்த நுனியின் நெருக்கப் படம் ஒன்று போதும்.

கைப்பேசி சொல்லும் பெயர்

"இதெல்லாம் எதற்கு? படத்தைக் காட்டினால் கூகுள் லென்சே பெயர் சொல்கிறதே" என்பார்கள் இளைஞர்கள். நானும் பயன்படுத்துகிறேன். ப்ளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளையும் வைத்திருக்கிறேன். வெட்டுக்காயப் பூண்டு, உண்ணிச்செடி, நித்தியகல்யாணி போன்றவற்றை நொடியில் சொல்லிவிடும், பெரும்பாலும் சரியாகவே. ஆனால் அது இரண்டு மில்லிமீட்டர் பூவின் இதழை எண்ணுவதில்லை. இலைக்காம்பின் அடியைக் காட்டு என்று உங்களைக் கேட்பதுமில்லை. கொடுத்த படத்தை வைத்து, தான் முன்பு கண்ட படங்களில் எதைப் போல இருக்கிறது என்று சொல்கிறது, அவ்வளவே. புல், கோரை இனங்களில் அது படும் பாட்டைப் பார்த்தால் பரிதாபம். பேரினம் வரைக்கும் அதன் சொல்லை ஏற்றுக்கொண்டு, அதற்கு மேல் நூலைப் பிரிப்பது என் வழக்கம். வாயில் போடப் போகிற செடி என்றால் பேரினத்துக்குக்கூட அதை நம்புவதில்லை.

நம் கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயரை அடுக்கினார். அவற்றுள் சில எந்தச் செடி என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அவரிடம் பெயர் இருக்கிறது, செடி தெரியவில்லை. நம் கைப்பேசியில் செடி இருக்கிறது, பெயர் தெரியவில்லை. பெயரிலும் இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. நம் தும்பை கன்னடத்தில் தும்பெ, எருக்கு எக்கெ, தகரை தகச்செ, பொன்னாங்கண்ணி ஹொனகொனெ. பக்கத்து வீட்டுக் கன்னட அஜ்ஜியிடம் காட்டினால் பெயர் மட்டும் அல்ல, எப்படிச் சமைப்பது என்பதும் சேர்ந்து வரும். என் குறிப்பேட்டில் பாதிப் பெயர்கள் கன்னட எழுத்தில்தான் இருக்கின்றன.

இனிப் படம் எடுப்போருக்கு. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் எடுங்கள். அதன்பின் காற்று ஆடும், வெயில் பூவை வெளுக்க வைக்கும். வெயில் வந்துவிட்டால் குடையை விரித்து நிழல் கொடுங்கள். முதலில் நின்றபடி முழுச் செடியையும் அது நிற்கும் இடத்தையும் எடுத்துவிடுங்கள். பிறகு குனிந்து, தண்டில் இலை எப்படி அமைந்திருக்கிறது என்று எடுங்கள். இலையின் முதுகு மிக முக்கியம், அநேகர் விட்டுவிடுவது அதைத்தான். பூவை முகத்துக்கு நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்புறம் ஒன்று எடுத்தால் புற இதழ்கள் தெரியும். காய் இருந்தால் விடவே விடாதீர்கள், காய் பொய் சொல்லாது. கைப்பேசியை ரொம்பக் கிட்டக் கொண்டுபோனால் படம் மங்கும். சற்று விலகி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது மேல். பின்னணியில் செடி கொடி அடைந்து கிடந்தால் பின்னால் ஒரு கறுப்புத் துணியோ, மூடிய குடையோ பிடிக்கலாம். என் மனைவியின் பழைய கறுப்புப் பிளவுஸ் துணி ஒன்று இதற்கென்றே என் பையில் ஐந்து வருடமாக இருக்கிறது.

எடுத்த இடத்தையும் நாளையும் குறித்து வையுங்கள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு காலி சைட்டில் மட்டும் நான் நான்கு ஆண்டுகளில் 61 வகைச் செடிகளைப் படமெடுத்து, 54-க்குப் பெயர் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மீதி ஏழில் மூன்று புல், இரண்டு கோரை. மற்ற இரண்டும் பூக்கும் பருவத்துக்காகக் காத்திருந்தன. இந்தத் தை மாதம் அங்கே அடித்தளம் தோண்டிவிட்டார்கள். அந்த இரண்டின் இலையும் தண்டும் என்னிடம் படமாக இருக்கின்றன, காம்படி உட்பட. ஒன்றின் இலை எதிரெதிர், தண்டு நாற்பட்டை, கசக்கினால் துளசிபோல ஒரு மணம். மற்றொன்று படரும் கொடி, இலையின் முதுகில் வெள்ளை ரோமம். இந்த மழைக்குப் பிறகு உங்கள் தெருவில் இப்படி ஏதேனும் பூத்து நின்றால், இலையைத் திருப்பி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.